பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் கோட்டு

இனிமேல் மனிதர்களைப் படமெடுப்பதே இல்லை என்று ஃபிரேம்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார்.

பல் துலக்கிக்கொண்டிருந்த மனைவி நுரையைத் துப்பிவிட்டு, "இது மனுஷங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். கழுத்தில் கேமரா தொங்க ஆரம்பித்தபின் அது இன்னும் பொருந்திப்போனது. வாரத்தில் ஆறு நாள் கண்ணுக்கு ஃபிரேம், ஏழாம் நாள் காட்சிக்கு ஃபிரேம். உறவுக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் அவர்தான் படம் எடுப்பார். பெரிய மச்சினிச்சி, 'என்னைப் பீப்பாய் மாதிரி காட்டிட்டீங்க' என்று சொன்னதிலிருந்து அவர் மனசு விட்டுப்போயிருந்தது. பீப்பாய் விஷயத்தில் கேமரா கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பது அவருடைய கட்சி.

"பாறை அப்படியில்ல. வயித்தை எக்காது. இன்னொரு தரம் எடுங்கன்னு கேக்காது."

"பதில் பேசாது. அதைச் சொல்லுங்க முதல்ல."

ஊர் மண்டபத்தில் வருஷாவருஷம் ஒளிப்படக் கண்காட்சி நடக்கும். நான்கு வருஷமாக அவர் படம் அனுப்பினார், நான்கு வருஷமாக அவர்கள் நன்றிக் கடிதம் அனுப்பினார்கள். இந்த வருஷத் தலைப்பு 'நிலம்'. மூன்று மணி நேரம் காரில் போனால் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. ஆறு ஒன்று பாறையை அறுத்து அறுத்து, அடியில் போய் ஒளிந்துகொண்ட இடம். அதைப் படமெடுத்து மண்டபத்துச் சுவரில் மாட்டாவிட்டால் கேமராவையே தொடுவதில்லை என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொன்னால் யாராவது சரி என்று சொல்லிவிடுவார்கள்.

தனியாகப் போகத்தான் திட்டம். மனைவி காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. பக்கத்துப் பல்லுக்குப் பொருத்தமாக நிறம் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"நாள் பூரா பல்லைப் பாக்குறேன். ஒரு நாள் பள்ளத்தைப் பாத்துட்டு வரேனே."

போன இடத்தில் மேகம். கேமராவின் முக்காலியை விளிம்பில் நட்டு வைத்துவிட்டு அவர் மூன்று மணி நேரம் காத்திருந்தார். தூறல் போட்டது. மனைவி தன் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கால் வலிக்கிறது என்று விளிம்பு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு தட்டைப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் மேகம் திடீரென்று கிழிந்தது. வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. பாறை அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. ஃபிரேம்காரர் முக்காலிக்கு ஓடினார். கேமராவுக்குள் பார்த்தார். சொர்க்கம் தெரிந்தது. சொர்க்கத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"நகரு" என்று கத்தினார்.

பள்ளத்தாக்கு அதை வாங்கி, சுவருக்குச் சுவர் அடித்து, முனை மழுங்கி, "பாரு, பாரு" என்று கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் பார்த்தாள். சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். நான்கே நிமிஷம். வெயில் போய்விட்டது. எடுத்த அத்தனை படத்திலும் அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் சாலையை முறைத்துக்கொண்டே காரை ஓட்டினார். அவள், "நல்லா வந்திருக்கும், பாருங்களேன்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம், கடை மூடி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் வேலையாக மனைவியை அழித்தார். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் வேலை சுலபம்தான். பக்கத்துப் பாறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவள் மேல் அப்பினால் போதும். பிறகு சிவப்பைக் கூட்டினார். பத்தவில்லை. இன்னும் கூட்டினார். வானத்துக்கு ஊதா ஏற்றினார். நிழலை மை மாதிரி ஆக்கினார். சனிக்கிழமை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் பட்டறைக் கண்ணோடு குனிந்து பார்த்தாள். "பல்லுப் பிடுங்கின ஈறு மாதிரி இருக்குதுங்க."

"இதுக்குப் பேரு நாடகத்தன்மை."

"வானத்தை யாரு அடிச்சாங்க? இப்படிக் கன்னிப்போயிருக்கு."

அவள் இன்னும் குனிந்து விரலைத் திரையின் ஓரத்தில் வைத்தாள்.

"இது யாரோட நிழல்?"

தட்டைப் பாறையில் யாரும் இல்லை. ஆனால் சாயங்கால வெயிலில் நீளமாக ஒரு நிழல் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆளைத் துடைத்தவர் நிழலை மறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிற மனுஷன்.

"அது வந்து... பாறை நிழல்."

"பாறை கையை ஆட்டுதா?"

அவள் சத்தம் போடுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் போடவில்லை.

"பதினாலு வருஷத்துல நீங்க எடுத்ததுல என் படம்னு ஒண்ணு இருக்கா? விசேஷ வீட்டுல ஊரையே எடுப்பீங்க, நான் உங்க பையைப் பிடிச்சுட்டு நிப்பேன். அன்னிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருன்னு சொன்னப்போ, நமக்கும் ஒரு படம் கிடைச்சுதுன்னு நினைச்சேன்."

பாரு என்று சொல்லவில்லை, நகரு என்றுதான் சொன்னேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். ஆண்டவன் புண்ணியத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் ஒன்றும் நடக்காதது போலக் காபி கொண்டுவந்து வைத்தாள். "நிறம் மட்டும் நான் சேத்துத் தரவா? அனுப்புறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே."

குற்றமுள்ள நெஞ்சு. உடனே நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தாள். பள்ளத்தாக்கில் பொறுக்கியது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, திரையில் நிறத்தை இறக்கினாள்.

"சிவப்புன்னு தனியா ஒண்ணு கிடையாதுங்க. வெள்ளையிலேயே எங்ககிட்ட பதினாறு இருக்கு."

இரண்டாம் நாள் அவர் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தபோது, படத்தைத் திறந்து வைத்திருந்தாள். பாறை மழையில் நனைந்த பாறையாகவே இருந்தது. வானம் காயம் ஆறியிருந்தது. அவர் மேகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தைப் பார்க்க அவருக்கு அப்போது தைரியம் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

இந்தத் தடவை நன்றிக் கடிதம் வரவில்லை. நேரில் வரச்சொல்லி ஃபோன் வந்தது.

மண்டபத்தில் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு, அவருடைய பள்ளத்தாக்கு தொங்கியது. அதன் ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு, மஞ்சள் கோட்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. நிழலும் பத்திரமாகக் கூடவே இருந்தது. ஃபிரேம்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கோட்டு போகவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மிகுந்த அக்கறையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்குழுத் தலைவி, ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாறைப் படம் முப்பது வந்துச்சு சார். எல்லாமே தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. எது மலை, எது மண்ணாங்கட்டின்னு அளவே தெரியல. உங்க படத்துல அந்த மஞ்சளைப் பாத்ததும் எனக்குத் தலை சுத்திடுச்சு. அப்பதான் பள்ளம் எவ்வளவு ஆழம்னு புரிஞ்சுது. ஒரு ஆளை அங்க உக்கார வைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

சுற்றி இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான்கு வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். பொய் தொண்டை வரை வந்துவிட்டது. படத்தில் அவள் கையை ஆட்டுகிற அழகை இப்போதுதான் அவர் சரியாகப் பார்த்தார்.

"எனக்குத் தோணலைங்க" என்றார். "அவளாப் போய் உக்காந்தா. நான் அழிச்சேன். அவ திரும்ப வந்துட்டா."

ஆசிரியை சிரித்தார். இருபது பேரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். அது எதிர்பாராத பரிசாக இருந்தது.

"அடுத்த வருஷம் ஒரு சுவர் முழுக்க உங்க ரெண்டு பேருக்கும்" என்றார் ஆசிரியை. "பத்துப் பாறைப் படம் வேணும். இந்த விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிடுங்க."

ஃபிரேம்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மேகம் கிழிந்த கதையைச் சொல்லிவிட்டு மேசைக்கு வந்தபோது, மனைவி விண்ணப்பத்தை எழுதி முடித்திருந்தாள். 'படம் எடுப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயர். 'நிறம் சேர்ப்பவர்' என்ற இடத்திலும் அவள் பெயர்.

"என் பேரு எங்க?"

"கீழ இருக்கு பாருங்க."

அச்சடித்த கட்டங்கள் முடிந்த இடத்தில், அவளே கோடு போட்டு அழகாக ஒரு புதுக் கட்டம் சேர்த்திருந்தாள். 'அளவு காட்ட உட்காருபவர்' என்று எழுதி, எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

போட்டார்.