ஒரு மணிக்குத் திரும்பிய தெரு

"கார் ஓட்டத் தெரியுமா?" என்று யாராவது கேட்டால், "ஏதோ ஓட்டுவேன்" என்று அடக்கமாகச் சொல்கிற பழக்கம் எனக்கு இப்போது இருக்கிறது. அது பிறவிக் குணம் இல்லை. கொல்கத்தாவில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தெருவே கூடி நின்று கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்னால் கேட்டிருந்தால், "மதுரைல ஓட்டினவன் எங்க வேணாலும் ஓட்டலாம்" என்று சொல்லியிருப்பேன். (மதுரையில் நான் ஓட்டியது மொத்தம் நாலு மாதம். அதில் பாதி நாள் பக்கத்தில் மாமனார் இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு.)

என் வேலையைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாகன விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அதிகாரி. யாரோ எங்கேயோ இடித்துவிட்டு அனுப்பும் காகிதங்களைப் படித்து, "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஹூப்ளியில் மூன்று வருடம் இதைத்தான் செய்தேன். மனைவி ரேவதியும் கைக்குழந்தையும் மதுரையில் இருந்தார்கள். மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் லீவில் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து வீறிட்டு அழுவாள். அவளைப் பொறுத்தவரை நான் மீசை வைத்த ஒரு விருந்தாளி.

அப்போதுதான் கொல்கத்தாவில் இரண்டு வாரப் பயிற்சி வந்தது. பெஹாலாவில் விடுதி, வகுப்பு எல்லாம் ஒரே வளாகம். கடைசி நாளான வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து நேர்முகம். அதில் நன்றாகப் பதில் சொன்னவர்கள் வேண்டிய ஊரைக் கேட்டு வாங்கலாம். வராதவர்களுக்கு மிச்சம் மீதி இருக்கிற ஊர். மதுரையில் காலி இருந்தது ஒரே ஒரு இடம். ரேவதியிடம், "மதுரை நம்மளுதுதான், எழுதி வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பி, தொட்டிலை மாட்டுத்தாவணிப் பக்கம் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்கு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியில் என்னோடு இருந்தவர் ஹேமா மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவருக்குத் திருச்சி வேண்டும். மாமியார் படுத்த படுக்கை. அவருடைய பெரியப்பா சேஷாத்ரி, பாலிகஞ்சில் நாற்பது வருடமாக இருப்பவர், வியாழக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகக் காரைத் தொடாமல் இருந்தார்.

"பேட்டரி செத்துடும் போல இருக்கு. உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமோ?" என்று கேட்டார்.

நான் மேலே சொன்ன மதுரைப் பதிலைச் சொன்னேன்.

"அப்போ நாளைக்குக் காலம்பற ஃப்ரீதானே? எடுத்துண்டு போய் ஊரைச் சுத்திப் பாருங்கோ. ஆனா ஒண்ணு, இந்த ஊர்ல ரோடு இருக்கு பாருங்கோ, மத்தியானம் ஆச்சுன்னா..."

"சார், நான் மதுரைக்காரன்" என்றேன்.

அவர் தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சரி, தயிர் போட்டுக்கோங்கோ" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, முதல் பாதி ராஜபோகம். விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்த்தோம். சிலை செய்கிறவர்கள் தெருவான குமார்டுலியில் களிமண்ணில் கை மட்டும், தலை மட்டும் காய்ந்துகொண்டிருந்த துர்க்கைகளைப் பார்த்தோம். ஹவுராப் பாலத்தில் ஒரு முறை தேவையோடும், ஒரு முறை தேவையில்லாமலும் போய் வந்தோம். ஹேமா மேடம் ஒரு தடவைகூட முருகா, ரங்கா என்று கூப்பிடவில்லை. அதை நான் என் ஓட்டுதலுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஆபீஸ்கள் நிறைந்த ஒரு பகுதிக்குச் சாப்பிட வந்தோம். தெரு ஒருவழிப் பாதை. நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அதே தெருவில் நுழைந்து, வெளியேறி, சுற்றிக்கொண்டு மறுபடி நுழைந்தேன். இரண்டாவது சுற்றில் முனையில் இருந்த டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவது சுற்றில் கையே அசைத்தார். நாலாவது சுற்றில் பக்கத்துச் சந்தில் இடம் கிடைத்தது. அதற்குள் அந்தத் தெருவின் குழி, மேடு, தபால்பெட்டி எல்லாம் எனக்கு மனப்பாடம். மாடு படுத்திருந்த இடம்கூடத் தெரியும். (அங்கே மாடு இல்லை. ஒரு நாய்தான். ஆனால் பெரிய நாய்.)

லூச்சியும் தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் சாப்பிட்டோம். லூச்சி என்பது நம் பூரிதான், மைதாவில், வெள்ளை வெளேரென்று. ஆறு சாப்பிட்டேன். ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தோம். பெஹாலாவுக்கு முக்கால் மணி நேரம் போதும். நேர்முகத்தில் ஹேமா மேடத்துக்கு மூன்றே கால், எனக்கு மூன்றரை.

முனையை ஒரு முறை சுற்றிக்கொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தெருவில் நுழைந்தேன். ஃபோனில் இருந்த வரைபடப் பெண்மணி உடனே திரும்பச் சொன்னாள்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். காலைல நாலு தடவை வந்திருக்கோம்" என்று சொல்லி அணைத்தேன்.

நூறடி போயிருப்போம். "குமரன், எல்லா வண்டியும் நம்மளைப் பாத்துண்டு வரதே?" என்றார் ஹேமா மேடம்.

"இந்த ஊர்க்காரங்களுக்கு டிராஃபிக் சென்ஸே இல்ல மேடம். ஒன்வேன்னு கூடப் பாக்காம வர்றாங்க பாருங்க!"

இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு மஞ்சள் டாக்ஸி வந்து என் மூக்குக்கு நேராக நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸின் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் ஹாரன் சத்தத்தை வைத்துப் பார்த்தால் மேற்கு வங்காளத்தின் மீதிப் பகுதி இருந்திருக்கும். பஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "உல்டோ! உல்டோ!" என்று கத்தினார். டீக்கடைக்காரரும் எழுந்து நின்று அதையே கத்தினார். காலையில் அவ்வளவு சிநேகமாகக் கையசைத்த மனிதர்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டும். இறங்கினேன். டாக்ஸி டிரைவருக்கு முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, "ஒன்வே! ஒன்வே!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஹாங்! ஒன்வே!" என்றார். பஸ் டிரைவரும் "ஒன்வே!" என்றார். நடைபாதையில் நின்ற ஒரு பத்துப் பேர் ஒரே குரலில் "ஒன்வே தாதா, ஒன்வே!" என்றார்கள். (தாதா என்றால் அங்கே அண்ணன்.) அந்தத் தெருவில் கருத்து வேறுபாடே இல்லை. எல்லோரும் என் கட்சி. ஆனாலும் ஒரு வண்டிகூட நகரவில்லை.

இந்த நேரத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு சார்ஜென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் என்னைத் தோளில் கைபோட்டுத் தெருமுனைக்கு அழைத்துப் போய் ஒரு பலகையைக் காட்டினார். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "காலையில் இந்தத் தெரு அந்தப் பக்கம் போகும். மதியம் ஒரு மணிக்கு மேல் இந்தப் பக்கம் வரும். ரொம்ப காலமாக இப்படித்தான்."

பலகையில் நேரம் போட்டிருந்தது. காலையில் நாலு முறை அதைப் பார்த்திருக்கிறேன். வண்டி நிறுத்தும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன். உல்டோ என்றால் எதிர்ப்பக்கம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஊரில் சூரியன் சாய்வது மாதிரி, இங்கே மதியமானால் தெருக்கள் திரும்பிக்கொள்ளும். முந்தின நாள் இதைத்தான் ஒருவர் சொல்ல வந்தார். நான் மதுரைக்காரன் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

"ரிவர்ஸ் எடுங்கள்" என்றார் சார்ஜென்ட்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதுரையின் நாலு மாதத்தில் நான் முன்னால்தான் போயிருக்கிறேன். லைசென்ஸ் வாங்கிய அன்று பின்னால் எடுத்ததோடு சரி. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் என் வண்டி, சுற்றிலும் ஆலோசகர்கள். ஒருவர் வலது பக்கம் என்று கை காட்டினார். இன்னொருவர், அவர் சொல்வது தப்பு என்று அவரோடு வாதாட ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஸ்டியரிங்கைத் திருப்ப, ஓரமாக நின்ற தள்ளுவண்டியின் கைப்பிடிக் கட்டை காரின் பின்கதவில் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்தது. "ஐயோ, பெரியப்பா வண்டி!" என்று ஹேமா மேடம் தலையில் கைவைத்தார். ஓட்டுநரின் கவனக்குறைவு. சந்தேகமே இல்லை.

சார்ஜென்ட் பெருமூச்சு விட்டார். என்னை இறக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்து, தான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தெரு முழுவதும் ஒரே வீச்சில் பின்னால் எடுத்துப் போனார். நான் பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடைபாதையில் ஒரு அம்மாள் தன் பையனுக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். திருடன் என்று சொல்லியிருப்பாள்.

முனைக்கு வந்ததும் ஹேமா மேடம் கண் கலங்க நேர்முகத்தைப் பற்றிச் சொன்னார். சார்ஜென்ட் ஒரு டாக்ஸியை நிறுத்தி, டிரைவரிடம் கண்டிப்பாக ஏதோ சொல்லி அவரை ஏற்றினார்.

"நீங்க?" என்றார் மேடம் என்னிடம்.

"டிரைவர் இருக்கணும்" என்றார் சார்ஜென்ட். "வண்டியின் இன்சூரன்ஸ் காகிதம் எங்கே?"

வாகனக் காப்பீட்டு அதிகாரியான என்னிடம் அந்தக் காகிதம் இல்லை. பாலிகஞ்சுக்கு ஃபோன் செய்தேன். சேஷாத்ரி சார் கண்ணாடியைத் தேடினார், பீரோச் சாவியைத் தேடினார், ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். வந்தது அவருடைய கண் ஆபரேஷன் பில். சார்ஜென்ட் அதையும் பொறுமையாகப் பெரிதாக்கிப் படித்தார். இரண்டாவதாக வந்தது ஒரு பஞ்சாங்கத்தின் அட்டை. மூன்றாவதுதான் இன்சூரன்ஸ். அப்போது மணி மூன்று இருபது.

"நான் சொல்ல வந்தேன் தம்பி. நீங்கதான் மதுரைன்னேள்" என்றார் சார் ஃபோனில். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பெஹாலா போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பது. ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, பலகையைப் படித்து, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு, அவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொண்டு போனேன். நேர்முகக் குழு எழுந்துவிட்டது. ஹேமா மேடத்துக்குத் திருச்சி கிடைத்துவிட்டது. மதுரையை மானாமதுரைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குழுத் தலைவர் பையை எடுத்துக்கொண்டிருந்தார். "நாலரை வரை காத்திருந்தோம். என்ன ஆயிற்று?" என்று கேட்டார். வேறு பொய் எதுவும் தோன்றாததால் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். மிச்சம் இருந்தது ஒரே இடம், யாரும் கேட்காத இடம்: கொல்கத்தா, வாகன விபத்துப் பிரிவு, மூன்று வருடம்.

"உங்களுக்கு இந்த ஊரில் கொஞ்சம் அனுபவம் இருக்கிறதே" என்றார்.

விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ரேவதிக்கு ஃபோன் செய்தேன்.

"மதுரைதான?" என்றாள்.

"கல்கத்தா."

"எத்தன நாளு?"

"மூணு வருஷம்."

ஃபோனை வைத்துவிட்டாள். பின்னால் பாப்பா அழுகிற சத்தம் கேட்டதோடு நின்றது. எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். கால் மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"என்னதான் ஆச்சு?"

மறுபடி முழுவதையும் சொன்னேன். தள்ளுவண்டி வந்ததும் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பஞ்சாங்க அட்டையில் வெடித்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நாம மதுரைல இருந்திருப்போம்" என்றாள். பிறகு, "இந்தத் தடவ நீங்க மட்டும் போகக் கூடாது. நாங்களும் வர்றோம். பிள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரிய வேண்டாமா?" என்றாள்.

வந்தார்கள். பெஹாலாவில் வீடு பார்த்தோம். மூன்று வருடம் முடிந்தபோது மதுரைக்கு மாற்றல் ஆணை தானாகவே வந்தது. அதற்குள் ரேவதிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. மகளுக்குத் தமிழைவிட வங்காள மொழி சுலபம். பக்கத்து வீட்டு மாஷியை, அதாவது சித்தியை, விட்டு வர மாட்டேன் என்று தரையில் புரண்டாள். இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்கிறேன் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது.

போன மாதம் மதுரையிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். "மதுரைய விட்டுட்டு இம்புட்டுத் தொலவு எப்படிடா வந்து சேந்தீங்க?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுவன விதிமுறைகளைப் பற்றி ஆரம்பித்தேன்.

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா ஒன்வேல எதிர்ல வந்துட்டாரு தாத்தா. ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. அதான் இங்கயே இருக்கோம்."