கனவில் ஏற்றிய பாரம்

நெத்தலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிக் கிள்ளிக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள் ஜஹானா. விரல்தான் கருவாட்டில். கண் ஜன்னலுக்கு வெளியே. மகாவலியிலிருந்து எழும்பிய பனி கட்டுகஸ்தோட்டைக் கடைக் கூரைகளை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், திகனப் பக்கம், ஒரு மேட்டு உச்சியில் அவள் உம்மாவின் வீடு. பஸ் மேட்டடியோடு நின்றுவிடும். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அங்கே போகவில்லை. அவனைச் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்தில் யாரால் ஏற முடியும்?

கார் இருக்கத்தான் இருந்தது. மாமனாரின் பழைய மொரிஸ் மைனர். புருஷன் இன்ஷாப் தண்ணீர் ஊற்ற மறந்து ஓட்டியதில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வெடித்து, இப்போது செங்கல்லில் ஏறி நிற்கிறது. மெக்கானிக் ராஜலிங்கம் வேறு இரண்டு பழைய ஹெட்டுகளைக் கொண்டுவந்து வீட்டு ஹோலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"பெரிய வால்வ் ஹெட்டு சமதரையில பறக்கும் தம்பி. பாரம் ஏத்தி மேட்டுல விட்டா மூச்சு வாங்கும். சின்னது மெதுவாத்தான் போகும், ஆனா இழுக்கும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஜஹானாவின் மனசு சின்னதில். இன்ஷாபோ பெரியதைப் பிள்ளையின் துவாயால் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும் அளவுக்கு ஆக்கியிருந்தார். அன்று காலை கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"ஜஹானா, கனவொண்டு கண்டேன்."

"நல்ல கனவா?"

"நல்ல கனவு. பெரிய ஹெட்டுல இருந்து ஒரே வெளிச்சம். கார் பாலத்துக்கு மேலால பறக்குது. பஸ்ஸெல்லாம் பின்னுக்கு!"

கனவோடு யார் வாதாடுவது? அவள் ஒரு நெத்தலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கார்ல யாரெல்லாம் ஈந்த?"

"நான்தான்."

"நான் இல்லையா?" அவள் குரல் இறங்கிப் போனது.

இன்ஷாப் பதறினார். "ஈந்தாய், ஈந்தாய்! முன் சீட்டுல. மடியில புள்ள."

"மாமி?"

உள்ளறையில் மாமியின் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது.

"உம்மா இல்லாமலா? பின் சீட்டுல, ராணி மாதிரி!"

"பாலத்தத் தாண்டி எங்க போன? பாதை திகனப் பக்கமா ஈந்திச்சா?"

"...அப்படித்தான் ஈந்திச்சி."

"அப்ப எங்கட உம்மா வீட்டுக்குத்தான்."

மாமி குசினி வாசலுக்கே வந்துவிட்டார். "சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா மகன் என்னைக் கூட்டிப் போன?"

"இல்ல உம்மா... ஒரு மூட்டை அரிசி ஈந்திச்சி."

"வாழைக்குல?"

"ரெண்டு."

"மாஷா அல்லாஹ்! இப்படிக் கனவு சும்மா வராது. ராஜலிங்கத்துக்கு ஃபோன்ல கோல் எடுங்க."

கோல் எடுத்தது ஜஹானா. ஆட்கள், மூட்டை, குலை, மேடு எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். ஃபோனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தாள்.

"அவ்வளவு பாரத்தோட அந்த மேடா?" என்றார் ராஜலிங்கம். "அப்ப சின்னதுதான். பேச்சே இல்ல."

மாமி எந்தச் சேலை உடுப்பது என்று பார்க்க அலுமாரியைத் திறக்கப் போனார். இன்ஷாப் பெரிய ஹெட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொடுத்த வாப்பா மாதிரிக் குந்தியிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"கனவுல தனியாப் போயிருக்கணும்," என்று முணுமுணுத்தார். பிறகு, "நீ கனவொண்டும் காணல்லையா?"

"கண்டேன். அதுலயும் பெரிய ஹெட்டுதான்."

அவர் முகம் மலர்ந்தது. "மெய்யாவா?"

"மெய்தான். ஒரே பனி. மேட்டுப் பாதை. நாங்க எல்லாரும் உள்ளுக்கு. நீங்க மட்டும் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு, பின்னுக்கு நிண்டு காரைத் தள்..."

"ஜஹானா! புள்ள எழும்பிட்டான், ஓடி வாங்க!" என்று உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார்.