வச்சலா பாஸானதும் நான் வடை வாங்கிக் கொடுத்ததும்

பேரன்புள்ள மச்சான் சிங்காரம் அவர்களுக்கு,

சதுரங்கப்பட்டினம் குவார்ட்டர்ஸிலிருந்து மூர்த்தி. வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. அதைச் சொல்லுமுன், அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் ரைஸ்மில் பெல்ட் இந்த வாரமாவது அறுந்து போகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். காரியத்தன்று நீங்கள், ‘வூட்ட காலி பண்ணிகினு படாளத்துக்கே வந்துடு மாப்ளே’ என்று சொன்னதற்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். செய்தி இதுதான்: உங்கள் தங்கை வச்சலா, தபால் வழி பி.ஏ. தமிழ் இலக்கியம், முதல் வருஷம் பாஸ்.

சித்திரையில் பரீட்சை எழுதினாள். ஆடியில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். புரட்டாசியில் பாஸ் செய்திருக்கிறாள். நான் பம்ப் ஃபிட்டர், எதையாவது மாட்டி எங்கேயாவது பொருத்திவிடுவேன். இது மட்டும் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சேரமாட்டேன் என்கிறது.

ரிசல்ட் கார்டு முந்தின நாளே வந்துவிட்டது. அவள் பெயருக்கு வந்ததை நான் படிக்கிற வழக்கமில்லை என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை காலை கம்பெனி என்னை அனுப்பியிருக்கிற தீயணைப்புப் பயிற்சிக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டேன். ஒன்பது நாற்பதுக்கு அங்கே ஏணி உச்சியில் நின்று தண்ணீர்க் குழாயைத் தோளுக்கு இழுக்கும்போது கார்டு நழுவி, கீழே நின்ற தேசப்பன் அண்ணன் தலைமேல் விழுந்தது. அவர்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவில் மாடு எழுந்து நிற்கும்.

“டேய் மூர்த்தி, யார்ரா இது வச்சலா?”

“வூட்டுக்காரி அண்ணாத்த.”

“பாஸாயிட்டாங்கடா! பி.ஏ.டா! இன்னா, மேலயே நின்னுகினு கீற? எறங்கு, டீ வாங்கு!”

எல்லோரும் கை தட்டினார்கள் மச்சான். அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், திறந்த வாயில் யாரோ வடையைத் திணித்துவிட்டார்கள். மொத்தப் பேருக்கும் நானே டீயும் வடையும் வாங்கினேன். தேசப்பன் அண்ணன், “ஞாயித்துக்கெழம நீங்க நெருப்பு அணைச்சுக் காட்டுவீங்க இல்ல, அதப் பாக்க அவங்கள இட்டுகினு வா” என்றார். சரி என்றேன். “சனிக்கெழம அவங்களுக்கு வகுப்பு ஆரம்பம்னு கார்டுல கீதே, நீ லீவு எடுத்துகினு கூடப் போடா, பொம்பளப் புள்ள தனியாவா போவும்?” என்றார். அதற்கும் சரி என்றேன். என் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் அப்போது வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை புகை அறை. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போய் வெளியே வந்ததும் பெயர் கூப்பிடுவார்கள். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், தேட ஆள் போக வேண்டும். ‘மூர்த்தி’ என்று கூப்பிட்டது என் காதில் ஏறவேயில்லை. எல்லோர் முகத்திலும் கரி, யார் யாரென்று தெரியவில்லை. மூர்த்தியைத் தேடி உள்ளே போன நாலு பேரில் நானும் ஒருவன். ரொம்ப நேரம் தேடினேன்.

தபால் வழி படிப்பவர்களுக்குப் பத்து நாள் நேர் வகுப்பு நடக்கிற கல்லூரிக்குச் சனிக்கிழமை போனது, அவள் பெயரை அடித்துவிடச் சொல்லத்தான். சொல்வதற்குள் வாத்தியார் ராமானுஜம் சார் வருகைப் பெயர் படிக்க ஆரம்பித்துவிட்டார். ‘வச்சலா’ என்றார். பதில் இல்லை. மறுபடியும் ‘வச்சலா’. விறைப்பாக எழுந்து, குதிகாலைத் தட்டி, தேசப்பன் அண்ணன் பழக்கிய குரலில், “வச்சலா ஆஜர் சார்!” என்றேன். ஜன்னல் புறா பறந்துபோயிற்று.

“நீங்கதான் வச்சலாவா?” என்றார். வகுப்பே சிரித்தது.

“வூட்டுக்காரர் சார்.”

“அவங்க?”

“வரல சார்.”

“சரி, உக்காந்து கேட்டுட்டுப் போய் அவங்களுக்குச் சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். கடலோரத்தில் ஒருத்தி தூங்காமல் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள் என்று பாடம். சந்தேகம் வந்தால் கை தூக்கு என்பது பயிற்சி விதி, தூக்கினேன். “அவர் எந்த ஷிப்ட் சார்?” மறுபடி சிரிப்பு. ராமானுஜம் சார் மட்டும் சிரிக்காமல், “ஷிப்ட் தெரிஞ்சா அவ ஏன்பா அழறா?” என்றார்.

“வச்சலா செத்துப்போச்சு சார்” என்றேன்.

இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட நீங்கள்தான் சொன்னீர்கள். அவள் பக்கத்தில் உட்காருகிற பதருன்னிசா என்கிற அம்மா எழுந்து வந்து, “பைப்பு மூர்த்தி நீங்கதானா? எங்கனா மோட்டார் சத்தம் கேட்டா போதும், எங்க வூட்டுக்காரர் இருந்தா இதுல இன்னா கோளாறுன்னு சொல்லிடுவாருன்னு பீத்திகினே இருப்பா” என்று சிரித்துக்கொண்டே அழுதார்கள். சார் பேனாவை எடுத்து என்னைப் பார்த்தார். அடிச்சுடுங்க சார் என்றேன். கோடு நேராக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். “அடப்பாவி, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா? நாலு வடை துன்னேனேடா!” என்றவர், குழாயைச் சுருட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகையால் மச்சான், நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். இங்கே எனக்கு இனி என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை மில் லாரியை அனுப்புங்கள். படாளத்துக்கே வந்து உங்கள் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறேன். தீக்கும் இலக்கியத்துக்கும் ஒரு கும்பிடு.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், மில் இன்ஜினுக்குக் கொஞ்சம் எண்ணெய்.

என்றும் உங்கள் வீட்டுப் பிள்ளை,
மூர்த்தி

பி.கு: லாரி வேண்டாம். கவரை ஒட்டாமலேயே இன்று மறுபடி வகுப்புக்குப் போனேன். அவள் இடத்தில் என்னை இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். “முடியாதுப்பா, நீ மொதல்ல இருந்துதான் வரணும்” என்றார் சார். சேர்ந்துவிட்டேன். முதல் வருஷம், என் பெயரில். அவள் சத்தம் போட்டுப் படித்த வீட்டில் உட்கார்ந்துதான் எனக்குப் படிக்க வரும். கோபித்துக்கொண்டு போன் செய்யாதீர்கள். நீங்கள் “துன்னியா?” என்று கேட்பது அச்சு அசல் அவள் கேட்பது போலவே இருக்கிறது, கேட்டால் அழுதுகொண்டே மூட்டை கட்டிவிடுவேன். பயிற்சி முடியும்வரை கம்பெனியும் என்னைக் கூப்பிடாது. டெலிபோன் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன்.