மூன்று மணிப் பச்சைப் புள்ளி

செத்துப்போனவரிடமும் கையெழுத்து வாங்கிவிடக்கூடிய மனிதர் ஒருவர் இந்தப் பூமியில் உண்டென்றால், அது எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன்தான். பேச்சுக்காகச் சொல்லவில்லை. வாங்கினார். அந்தக் காகிதம் இன்றைக்கும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

தேவாரத்துக்கும் போடிக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குத் தேர்வுப் பிரிவில் வேலை. அவருக்குத் தபால் பிரிவு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. துணைவேந்தர் முதல் கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் டெஸ்பாட்ச்தான். ஒல்லி உடம்பு, சத்தம் போடாத ரப்பர் செருப்பு, சட்டைப் பொத்தானில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. நாம் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்போம். திடீரென்று தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்கும். திரும்பினால் தபால் நோட்டு விரிந்திருக்கும், விரல் ஒரு காலிக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு முறை நடைக்கூடத்தில் நல்ல பாம்பு வந்துவிட்டது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினோம். கணக்குப் பிரிவு சூப்பிரண்டு மேசை மேல் ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். நாலு நாளாக ஒரு தபாலுக்குக் கையெழுத்துப் போடாமல் டிமிக்கி கொடுத்தவர் அவர். இனி எங்கும் ஓட முடியாது என்று கண்டு, டெஸ்பாட்ச் அண்ணன் பாம்பைத் தாண்டிப்போய் நோட்டை நீட்டினார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையையும் நோட்டில் பதிந்து, கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார். பத்திரிகை கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். விடுவிப்பு ஆணை வந்ததும், போகிறவர் நோட்டில் தன் பெயருக்கு நேராகத் தானே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தப் பெயரைச் சுற்றறிக்கைப் பட்டியலிலிருந்து சிவப்பு மையில் அடிப்பார். கையெழுத்து இல்லையா, பெயர் இருக்கும். இந்த விதிதான் எங்களை அந்த ஆடி மாதத்தில் ஆட்டிப் படைத்தது.

அப்போது புதிதாக வந்திருந்த பதிவாளருக்கு ஒரு மனக்குறை. ரகசியம் என்று போட்டு அவர் அனுப்பிய குறிப்பு, அவர் மதியச் சாப்பாட்டை முடிப்பதற்குள் கம்பம் ஊரில் யாரோ ஒருவரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வலம் வந்துவிட்டது. அதனால் பல்கலைக்கழகத்துக்கென்றே சொந்தமாக ஒரு துரிதத் தகவல் சேவை வேண்டும் என்று உத்தரவு போட்டார். கணினி மையத்து பிந்து மேடம் அதைச் செய்து கொடுத்தார். குமுளிக்காரர், கெட்டிக்காரர். யார் கணினியைத் திறந்திருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஒரு செய்தியை யார் யார் படித்தார்கள் என்று கீழே பட்டியல் வரும். செய்தி வந்தால் ஒரு சத்தம் வரும். எரிச்சல் மூட்டாத சத்தமாக இருக்கட்டும் என்று மேடம் தேர்ந்தெடுத்தது, மரக்கதவை ஒரு விரல் மடக்கித் தட்டுகிற சத்தம்.

ஆடிக் காற்றை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாக இறங்கி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் பிடித்து உலுக்கும். அந்தக் காற்றோடு இந்தத் தட்டலும் சேர்ந்துகொண்டது. டொக். கட்டடம் முழுக்க ஆட்கள் கதவைப் பார்த்து "வாங்க" என்றார்கள். யாரும் வரவில்லை. மறுபடி டொக். கேன்டீன் மாஸ்டர் ஒரு வாரம் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடினார்.

முதல் சுற்றறிக்கை பதிவாளரிடமிருந்து வந்தது. சேவையை எல்லோரும் தவறாமல் பயன்படுத்த வேண்டும் என்று. வழக்கம்போல் ஒருவரும் திறக்கவில்லை. சாயங்காலம் கீழே பட்டியலைப் பார்த்தேன். படித்தவர்: ஒருவர். அந்தோணி, ஸ்டோர் கீப்பர்.

ராயப்பன்பட்டி அந்தோணி சார் பங்குனியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஓடிப்போய் பிந்து மேடத்திடம் சொன்னேன். பட்டியலைத் தந்தது தபால் பிரிவு, நான் என்ன செய்யட்டும் என்றார். டெஸ்பாட்ச் அண்ணனிடம் போனேன். "அவுக இன்னும் கையெழுத்துப் போடலியே, தாயி" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டார். பெயர் எப்படி வந்தது என்று புரிந்தது. படித்தது யார் என்பது புரியவில்லை.

பதிவாளர் வெளியூர்க்காரர், அவருக்கு அந்தோணி சார் இறந்தது தெரியாது. இத்தனை பேரில் ஒருவராவது கடமையுணர்வோடு இருக்கிறாரே என்று மகிழ்ந்து, பாராட்டுக் குறிப்பு ஒன்றை அவர் பெயருக்கே அனுப்பினார். மறுநாள் மூன்று மணிக்கு அதையும் அவர் படித்துவிட்டார். தினமும் சரியாக மூன்றுக்கு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். மூன்றே காலுக்கு அணையும். உயிரோடு இருக்கிற யாரும் எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை.

அவருடைய கணினி பழைய ஸ்டோரில் இருந்தது. ஒரு காலத்தில் அது ஏலக்காய்க் கிடங்கு. இப்போதும் சுவரில் மூக்கை வைத்தால் வாசம் அடிக்கும். அவர் போனபின் புது ஸ்டோர் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. பழையதைப் பூட்டி, சாவியைப் பதிவாளர் அறையில் ஆணியில் மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் மூன்று மணிக்குத் துணிந்து அதன் வாசலுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி கலையாமல் இருந்தது. உள்ளே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு விரலால், நிதானமாக, தேடித் தேடி. அந்தோணி சார் அப்படித்தான் தட்டுவார். நான் என் பிரிவுக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

பயந்து ஒதுங்கியிருக்க முடியாத ஒரு சங்கடமும் அந்த மாதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. பாண்டீஸ்வரி என்று தேவாரத்துப் பிள்ளை. தலைப்பெழுத்துத் திருத்தத்துக்காகத் தன் அசல் பட்டச் சான்றிதழைப் பங்குனியில் என்னிடம் கொடுத்திருந்தாள். திருத்தி, அந்தோணி சார் பொறுப்பில் இருந்த ஹாலோகிராம் முத்திரையை ஒட்டுவதற்காக நான் கவரில் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினேன். அந்த வாரம்தான் அந்தோணி சார் போனார். கவர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஸ்டோரில் ஆட்களை விட்டுச் சித்திரையிலேயே இரண்டு முறை தேடியாயிற்று. நான் அனுப்பியதற்குச் சாட்சியான தபால் நோட்டைக் கேட்டால், கரையான் அரித்துவிட்டது என்று டெஸ்பாட்ச் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் நோட்டைக் கரையான் அரிப்பதாவது. அவர் கையெழுத்துக் கேட்பாரே என்று கரையானே பயப்படும்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு வெளி மாநிலத்தில் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை அசலைக் காட்டிச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். தொலைந்ததற்குப் பதில் வேறொன்று வாங்கக் குறைந்தது மூன்று மாதம். அவள் அப்பா திராட்சைத் தோட்டத்தில் வேலையைப் போட்டுவிட்டுத் தினமும் அவளோடு வந்து, என் ஜன்னலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசியாக அவரே எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்கம்மா. புள்ள மனசத் தேத்திக் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது என் கணினி தட்டியது. டொக்.

மணி மூன்று ஐந்து. திரையில் அந்தோணி சார் பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"கவர் வந்து சேர்ந்தது. மேற்குச் சுவர், கீழ்த்தட்டு, பழைய விடைத்தாள் கட்டு, ஊதாக் கயிறு. பி.ப. 3.05. அந்தோணி."

கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காற்று சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன்.

ஆள் யாரும் இல்லை. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தொட்டேன், சூடாக இருந்தது. மேசை மேல் இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி. இன்னொன்றில் டீ அப்படியே ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. நான் கர்த்தரையும் கூப்பிட்டேன், எங்கள் வீருகாளம்மனையும் கூப்பிட்டேன். யார் வந்தாலும் சரி என்கிற நிலைமை. மேற்குச் சுவர், கீழ்த்தட்டு. ஊதாக் கயிற்றை அவிழ்த்தேன். கட்டுக்கு நடுவில் என் கையெழுத்தில் முகவரி எழுதிய கவர்.

நிமிரும்போதுதான் தரையைப் பார்த்தேன். சுவரோரம் இருந்த இரும்பு பீரோவுக்குக் கீழே, அதை நகர்த்தி நகர்த்தித் தேய்ந்த தடம். பீரோவுக்குப் பின்னால், விலகிய இடுக்கில் ஒரு பழைய கதவு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தபால் பிரிவு.

கவரோடு சுற்றிக்கொண்டு போனேன். டெஸ்பாட்ச் அண்ணன் குனிந்த தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஏற்கெனவே முத்திரை குத்திய உறை மேலேயே குத்திக்கொண்டிருந்தார். தோளில் ஒட்டடை. நான் அதைத் தட்டிவிட்டேன். அவர் கை நின்றது.

மெதுவாக இழுப்பறையைத் திறந்து, கரையான் அரித்த நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தார். ஒரு பூச்சிகூடத் தொட்டிருக்கவில்லை. என் கவர் பதிந்திருந்த வரியில் கையெழுத்துக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அன்னிக்கு அவுக கை நடுங்குச்சு. வேர்த்து ஊத்துச்சு. நாளைக்குப் போடுறேன் வச்சிட்டுப் போப்பான்னாக. வச்சிட்டு வந்துட்டேன். எஞ் சர்வீசுல அந்த ஒரு கட்டந்தேன் காலி, தாயி."

அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கையெழுத்து இல்லாமல் கொடுத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். இத்தனை வருஷம் ஊரையே நம்பாமல் கையெழுத்து வாங்கியவருக்கு, தன் வார்த்தையை மட்டும் மற்றவர்கள் நம்புவார்கள் என்று எப்படித் தோன்றும்? ஆனாலும் அந்த மரத்தடியைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் பொறுக்கவில்லை. அந்தோணி சாரோடு டீ குடிக்கிற மூன்று மணிக்குத் தினமும் உள்ளே போய், ஒவ்வொரு கட்டாகப் பிரித்துத் தேடியிருக்கிறார். அவருடைய டீயையும் ஊற்றி வைத்துவிட்டு. கடவுச்சொல் எல்லோருக்கும் பணியாளர் எண்தான், ஒருவரும் மாற்றவில்லை. அத்தனை எண்ணும் டெஸ்பாட்ச் அண்ணனுக்கு மனப்பாடம்.

எல்லாம் சரி, கவர் கிடைத்ததும் நேரே வந்து என்னிடம் கொடுக்காமல் எதற்காக இப்படி ஒரு செய்தி என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான். பாதி உயிர் போயிருந்தது.

"அதெப்படி? வாங்குனது அவுக. வந்து சேந்துச்சுன்னு அவுகதேன சொல்லணும்."

அந்தச் செய்தியைக் காகிதத்தில் அச்செடுத்து, நாலாக மடித்து, காலிக் கட்டத்தின் மேல் பசை வைத்து ஒட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சுற்றறிக்கைகளை எதற்காகப் படித்தீர்கள் என்று மட்டும் கடைசியாகக் கேட்டேன். "அவுக பேருக்கு வர்றத யாராச்சும் வாங்கணும்ல" என்றார்.

பாண்டீஸ்வரி திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அவள் அப்பா ஒரு கூடை திராட்சை கொண்டுவந்தார். டெஸ்பாட்ச் அண்ணன் அதையும் பதிந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். பீரோ விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீன் மாஸ்டர் இன்றைக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஓய்வு வந்தது. விடுவிப்பு ஆணைக்காக, நோட்டில் தன் பெயருக்கு நேராக அவரே கையெழுத்துப் போட வேண்டும். மாலை, சால்வை, மைசூர்பாகு எல்லாம் தயார். நோட்டை விரித்து, அவர் எங்களுக்குச் செய்கிற மாதிரியே காலிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் நின்றேன். பொத்தானில் தொங்கிய பேனாவைத் தொட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். போனவர் தேவாரம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

போன தை மாதம் அவர் காலமானார். தபால் பிரிவு இப்போது என்னிடம் இருக்கிறது. இரங்கல் செய்தியைச் சேவையில் போட்டதே நான்தான். வழக்கம்போல் சாயங்காலம் வரை ஒருவரும் திறக்கவில்லை. படித்தவர் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவருடையது.

மறுநாள் பிந்து மேடம் முகம் வெளுத்துப் போய் ஓடிவந்தார். அந்தப் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு பீரோவை நகர்த்திவிட்டு உள்ளே போகிறேன். இப்போது கிளாஸ் மூன்றாகிவிட்டது. ஒன்றை நான் குடிக்கிறேன். அண்ணனுடைய பணியாளர் எண்ணைப் போட்டுத் திறந்து, அவர் பெயருக்கு வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். நோட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. கிடந்துவிட்டுப் போகட்டும், அண்ணே.