ஏணியார் மூன்றாம் மாடி கொண்ட படலம்

கோப்புகளின் காவலரே, தூசிக்கு அஞ்சாத தும்மலரசரே, கோப்பலமாரியின் பதினோராம் அடுக்கை எட்டிய ஏணியின் உச்சியிலிருந்து வலது முழங்காலை முன்னிறுத்தித் தரையுலகுக்கு எழுந்தருளிய மாவீரரே, அலுவலகத்தார் வாய்நிறைய ‘ஏணியார்’ என விளிக்கும் ஆவண அறை எழுத்தரே, உம்மை வணங்கி இக்காதை தொடங்குகிறோம். பூசணிக்காய் போல் வீங்கிய உமது முழங்காலும் வாழ்க.

பணியிற் காயமுற்ற அரசு ஊழியர்க்கு மருத்துவம் உண்டு என்பது அரசின் அருள்வாக்கு. அதை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரே அளிக்க வேண்டும் என்பது அவ்வாக்கின் அடிக்குறிப்பு. ஏணியார் கைக்கு வந்த பட்டியலில் எலும்பு மருத்துவர் எண்மர். அவருள் எழுவர், அரசுப் படிவம் நிரப்பி நிரப்பி விரல் தேய்ந்து, “கவர்மென்ட் கேஸ் இப்ப பாக்கிறதில்லீங்க” என்று தொலைபேசியிலேயே துறவு பூண்டுவிட்டனர். எஞ்சிய ஒருவரோ மூன்றாம் மாடியில் வீற்றிருந்தார். அம்மாளிகையின் மின்தூக்கியோ ‘பழுது’ என்னும் பலகையை மார்பில் தாங்கி நெடுந்தவம் புரிந்தது. அன்று வெள்ளி. மாலைக்குள் அவர் கையொப்பம் கிட்டாவிடில் சிகிச்சை இல்லை, ஓய்வும் இல்லை. திங்களன்று அதே ஏணி.

“நாற்காலியில உக்காருங்க, ரெண்டு பேர் தூக்கிட்டுப் போவாங்க. அடிபட்டு வர்றவங்களுக்குன்னே வச்சிருக்கோம்” என்றார் வாயிற்காவலர்.

“கௌரவம் பாக்காம உக்காருங்களேன்” என்றார் மனைவி.

ஏணியார் முழங்கினார்: “இருபத்தாறு வருஷமா ஏணியில ஏறினவன் நான். என்னை எவனும் தூக்க வேண்டாம்.”

பின்னர் மூண்டது பெரும்போர். இடக்காலை முன்படையாய் ஏவி, வலக்காலைப் பின்னே இழுத்து, கைப்பிடிக் கம்பியைப் பகைவன் குடுமியெனப் பற்றி, முதல் மாடியில் பல்லைக் கடித்து, இரண்டாம் மாடியில் பெற்ற தாயைக் கூவியழைத்து, எக்ஸ்ரே உறையேந்திய மனைவி முணுமுணுத்துப் பின்தொடர, வியர்வையாற்றில் சட்டை மிதக்க, படிக்கொரு முனகலாக ஐம்பத்துநான்கு படிகளையும் அடக்கி, முக்கால் மணி நேரத்தில் மூன்றாம் மாடியைக் கைக்கொண்டார் அம்மறவர். வாகை சூட்டத்தான் ஆளில்லை.

மருத்துவர் எக்ஸ்ரே உறையைத் தொடவில்லை. படிவத்தின் முதற் கேள்வியைப் பார்த்தபடியே, “எப்படி வந்தீங்க?” என்றார்.

வெற்றிவீரனிடம் வேறென்ன கேட்பார்கள். “படியேறித்தான் டாக்டர். யாரும் கை குடுக்கல” என்று ஏணியார் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

எழுவரின் விரல்களைத் தின்ற அப்படிவம் இவருக்கு இரண்டே வரியில் அடங்கிற்று: ‘நோயாளி மூன்று மாடி தானே ஏறி வந்தார். திங்கள் முதல் பணிக்குத் தகுதியுடையவர்.’ முத்திரை விழுந்த ஓசையில் எண்டிசையும் அதிர்ந்தன.

“வலி உயிர் போகுது டாக்டர்” என்றார் மாவீரர்.

“சந்தேகம்னா பட்டியல்ல இருக்கிற வேற டாக்டரைப் பாருங்க.”

வெளியே வந்த மாடிகொண்ட வேந்தர், மானம் துறந்து, இறங்குவதற்கேனும் அந்நாற்காலியை அருளுமாறு மாடி உதவியாளரை இரந்து நின்றார். உதவியாளர் சான்றிதழை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“நாற்காலி அடிபட்டவங்களுக்குத்தாங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு டாக்டரே எழுதியிருக்காரே.”

ஏணியார் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.