வேகாத பலகை

கிண்ணியாவில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில், சோறு வாயில் இருக்கும்போதே பதுர்தீன் சவால் விட்டுவிட்டார். "மலைநாட்டு மச்சானுக்குத் தண்ணின்னா கெணத்து வாளி மட்டுந்தான்" என்று மனைவியின் அண்ணன்மார் சிரித்ததுதான் காரணம். "நானே தோணி ஓட்டி மீன் புடிச்சுக் காட்டுறேன்" என்றார். உக்குவளைக்குத் திரும்பிய கையோடு, தம்புள்ளைப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் கிடந்த பழைய மீன்பிடித் தோணியை வாங்கினார். அடிப்பலகை உளுத்திருந்தது. புது பிளைவுட் போட்டால் ஓடும் என்றார் விற்றவர்.

வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஓடினால் அதில் ஏற வேண்டும். பதுர்தீனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனைவி அபீபாவிடம் அறவே சொன்னதில்லை.

ஆகவே பலகை தேர்ந்தெடுப்பதில் இறங்கினார். இறங்கியவர் ஏறவேயில்லை.

மாத்தளைக் கடையில் பலகையைக் காதோடு வைத்துத் தட்டினார். "உள்ளுக்கு ஓட்டை. சத்தம் சரியில்ல." தம்புள்ளைக் கடையில் விளிம்பை முகர்ந்தார். "பசை நாறுது." இன்னொரு கடையில் எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டார். கடைக்காரர் பொறுமையிழந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார்.

"இது தோணிக்கே செஞ்ச பிளைவுட், நானா. வீட்டுல அவிச்சுப் பாருங்க. ஒட்டின படை பிரிஞ்சா வாங்க வேணாம்."

பிரியும் என்ற நம்பிக்கையோடு அவித்தார். அபீபா வந்து பானையைத் திறந்தாள்.

"என்ன இது?"

"பலகை."

"எவ்வளவு நேரமா?"

"காலையில இருந்து."

"மாட்டிறைச்சியே இந்நேரம் கரைஞ்சிருக்கும். பிரிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நல்ல பலகைதானே?"

"அவசரப்படாத. கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்ப்போம்."

"குளத்துல ஏது உப்பு?"

பலகை வேகவில்லை. பதுர்தீன்தான் வெந்தார். "நெறம் எனக்குப் புடிக்கல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே நழுவினார்.

அபீபா துண்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். கொஞ்ச நாளில் அதே பலகை குளத்தங்கரையில் போய் இறங்கியது. தச்சு வேலை செய்யும் பாஸ் அடியை மாற்றி, இடுக்கெல்லாம் அடைத்து, நீலம் பூசினார். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்த பதுர்தீனிடம் அபீபா சொன்னாள். "நாளைக்கி தோணி எறக்குறோம். எல்லாரும் போறோம்."

அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தோணி ஒரு சொட்டு ஒழுகாமல் மிதந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பதுர்தீனின் முகம் வெளுத்தது. அபீபா துடுப்பை எடுத்தாள். மகள் நப்லா லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள். பதுர்தீன் மெதுவாக இடுப்பில் கை வைத்தார்.

"அபீபா, இடுப்பு புடிச்சிருக்கு போல."

"அப்ப ஏற வேணாம். நெழல்ல இருங்க."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை உருண்டு போனது. மூச்சு விடுவது இவ்வளவு சுகமான வேலை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மருதமரத்தடியில் சப்பணமிட்டு அமர்ந்தார். தோணி கரையை விட்டு விலக விலக, ஓடிப்போன தைரியமும் திரும்பி வந்தது.

"வலி மட்டும் இல்லாட்டி நானே நடுக்குளம் வரைக்கும் ஓட்டியிருப்பேன்" என்று குரல் கொடுத்தார்.

"தெரியும்" என்றாள் அபீபா, துடுப்பு போட்டபடியே. "இன்னைக்கி ஒங்களுக்கு இடுப்பு புடிக்கும்னு பலகை வாங்கின அன்னைக்கே பாஸுட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேர் குந்தத்தான் எடம் வெச்சிருக்கார்."