நைனாவுக்காக ஊதிய சங்கு

வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பூனையை வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. ஊர் சுற்றுகிற பூனையை வளர்ப்பவர்களுக்கோ கவலையைத் தவிர வேறு வேலை கிடையாது. அது கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகாது. எப்போது திரும்பும் என்றும் சொல்லாது. நாம்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். (பெண்ணை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

எனக்கு இரண்டு கவலையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. என் மகள் ஜெனி நர்சிங் படிக்க வேலூருக்குப் போனாள். போகும்போது தன் பூனையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். சாம்பல் நிறம், கிழிந்த இடது காது, யாரையும் மதிக்காத ரவுடி முகம். எங்கள் பக்கம் அப்பாவையும் நைனா என்போம், செல்லப் பிள்ளையையும் நைனா என்போம். பூனைக்கு அந்தப் பெயரை வைத்தவள் எனக்குத் தெரிந்து ஜெனி ஒருத்திதான்.

"மா, என்னப் பத்திக் கவலப்படாத. நைனாவப் பாத்துக்கோ. ஊர் மேயப் போனான்னா தேடி இட்டுனு வந்துரு, இன்னா?"

"நா பாத்துக்கறேன். நீ ஒயுங்கா படி," என்றேன் வீறாப்பாக.

அதுவரை எனக்கும் நைனாவுக்கும் அவ்வளவாக ஆகாது. அவள் போன பிறகு அவன் அவளுடைய பழைய துப்பட்டாவின் மேல் போய்ப் படுக்க ஆரம்பித்தான். நானும் வேலை முடிந்து வந்தால் அந்தக் கட்டில் ஓரத்தில்தான் உட்காருவேன். என் வீட்டுக்காரர் அருள், அத்திப்பட்டு மின்நிலையத்தில் ஒப்பந்த வெல்டர். வருவார், சாப்பிடுவார், குறட்டை விடுவார். அவள் இல்லாத வீட்டில் அவளைத் தேடுகிறவர்கள் என்று பார்த்தால் நானும் பூனையும்தான்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் மெயின் கேட் செக்யூரிட்டி. தொப்பி, விசில், பெல்ட், எல்லாம் உண்டு. ஆலையின் சங்கு ஊதுகிற சுவிட்சும் என் கேபினில்தான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு நான் சங்கு ஊதினால் முதல் ஷிப்ட் முடிந்தது என்று அர்த்தம். கேன்டீனில் சமைக்கிற மல்லிகா அக்கா மீன் தலைகளைப் பொட்டலம் கட்டித் தருவார். ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனிக்கு நான் நடந்து போய்ச் சேரும்போது நைனா சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்திருப்பான். சங்குச் சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று அவனே கற்றுக்கொண்டுவிட்டான். வீடியோ காலில் இதைப் பார்த்து ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மா, எம் பூனைக்கே ஷிப்டு போட்டுட்டியா நீ?"

ஒரு நாள் சுவர் மேல் அவன் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன், காக்கைதான் வந்தது.

"ஆம்பளப் பூன. பொண்ணு பாக்கப் போயிருக்கும். வந்துரும், வுடு," என்றார் அருள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

(இந்த ஆண்களுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ!)

எங்கள் ஊரில் ஒரு பூனை உயிரோடு இருப்பதே பெரிய பாடு. ஒரு பக்கம் கொல்கத்தா ஹைவே. லாரிகள் நாய், பூனை, மனிதன் என்று பேதம் பார்க்காமல் ஏறிவிட்டுப் போகும். இன்னொரு பக்கம் வயல், வரப்பெல்லாம் எலி மருந்து. கேன்டீன் குப்பைத் தொட்டிக்கு ஒரு நாய்க் கூட்டம் காவல். இதெல்லாம் போதாதென்று குளிர்ந்த நாட்களில் எஞ்சின் சூட்டுக்காக லாரிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு ஒரிசா வரைக்கும் போய்விடுகிற பூனைகளும் உண்டு என்று டிரைவர்கள் சொல்வார்கள். நான் யூனிபாரத்தோடு குனிந்து ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் பார்த்தேன். "மேடம், ஓவர்லோடு இல்ல மேடம்!" என்று ஒரு டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹைவே ஓரத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ நசுங்கிக் கிடந்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. கிட்டே போகாமலே அழுதேன். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், கோணிப்பை. நடுரோட்டில் ஒரு கோணிப்பைக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலமானால் ஜெனியின் வீடியோ கால் வரும்.

"நைனாவக் காட்டு."

"தூங்கறான்டி."

மறுநாளும் தூங்கினான். அதற்கடுத்த நாளும்.

"இன்னாம்மா, அது பூனையா, கும்பகர்ணனா? எயுப்பிக் காட்டு."

"தூங்கற புள்ளைய எயுப்பக் கூடாதுடி, பாவம். அய்யோ, சிக்னல் கட்டாவுது..." என்று நானே போனை அணைத்துவிடுவேன். பொய் சொல்வதில் அந்த வாரம் நான் பட்டமே வாங்கியிருக்கலாம். கடைசியில் அவள், "ஞாயித்துக்கெயம லீவு குட்த்துட்டாங்க, வரேன்," என்றாள். பெற்ற பெண் வருகிறாள் என்றால் தாய் சந்தோஷப்பட வேண்டும். நானோ ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

மறுநாள் காலை நாஷ்டா நேரத்தில் மல்லிகா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ரெண்டு மணிக்கு நம்ப சங்கு, பக்கத்துக் கம்பெனி சங்கு அல்லாம் ஒண்ணாக் கத்துது. லாரிக்காரன் வேற ஹாரன் அடிக்கிறான். தூரமா போன பூனைக்கு நம்புளுது எது, அவனுது எதுன்னு எப்டிமே தெரியும்? காலைல அமைதியா இருக்கசொல்லோ நம்புளுத மட்டும் லேசா ஊதிப் பாரு. ஓடியாந்துரும்."

எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போனது. (புத்தி வேலை செய்கிற நாளாக இருந்தால் பிடித்திருக்காது.) எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் துரைசாமி சார், முன்னாள் ராணுவத்துக்காரர், ரவுண்ட்ஸ் போயிருந்தார். கேபினில் நான் மட்டும்தான். ஆண்டவரை நினைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன்.

சங்கில் லேசாக என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பயந்துபோய் உடனே நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்காவது "மியாவ்" கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். நிறுத்தினேன். காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். "நைனா! டேய் நைனா!" என்று கத்தியும் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன்.

ஒரே மூச்சில் நீளமாக ஊதினால் ஷிப்ட். விட்டு விட்டு ஊதினால் ஆபத்து, போட்டது போட்டபடி வெளியே ஓடி வர வேண்டும். இது எனக்குத் தெரியாதா என்ன? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நிற்க வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

உள்ளே முதலில் உலை இயந்திரங்களின் இரைச்சல் அடங்கியது. அப்புறம் தடதடவென்று காலடிச் சத்தம். ஹெல்மெட் போட்டவர்கள், போடாதவர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் மைதானத்தை நோக்கி ஓடி வந்தார்கள். குளியலறையிலிருந்து ஒருவர் சோப்பு நுரையோடு துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். மல்லிகா அக்காவும் கையில் சாம்பார் கரண்டியோடு, "அய்யோ, எங்கடி நெருப்பு?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். (யோசனை சொன்னவரே அவர்தான் என்பதைக் கவனிக்கவும்.) பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே வந்துவிட்டார்கள். துரைசாமி சார் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்து, என் கேபினைக் குறிபார்த்து நின்றார்.

"எங்க ஸ்டெல்லா? எங்க?"

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் பின்னாலேயே கோட்டும் டையுமாக நான்கு பேர். ஆலையின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிட அன்றைக்கென்று வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள். எனக்கென்று எப்படித்தான் அமைகிறதோ!

"எங்கம்மா தீ?"

"தீ இல்ல சார்."

"கேஸ் லீக்கா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு ஊதுன?"

"பூனையக் காணோம் சார்."

மேனேஜர் என்னையே பார்த்தார். கோட்டுப் போட்டவர்களில் ஒருவர் என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் பெரிய ஆள்தான். கண் இமைக்காமல், "மாக் டிரில் சார்," என்று ஒரு போடு போட்டார். ஒத்திகையாம்! அவர்களும் வாட்சைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுறுசுறுப்பாக ஆட்கள் வெளியே வந்து தாங்கள் பார்த்ததே இல்லை என்று கை குலுக்கினார்கள்.

ஒத்திகை என்று ஆகிவிட்டதால் அதை முறையாக முடிக்க வேண்டும் அல்லவா? துரைசாமி சார் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துத் தலை எண்ணினார். எண்ணி முடித்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, மைதானமே கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் பத்திரமா கீறாங்க சார்! ஒருத்தர் கூட காணாமப் போவல!"

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. அப்படியே கேட் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஓ என்று அழுதேன். கோட்டுப் போட்டவர்கள் இதுவும் ஒத்திகையில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம். மல்லிகா அக்கா மட்டும் கரண்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நைனா வரவில்லை.

அன்று மதியமே என்னைப் பின்பக்க கேட்டுக்கு மாற்றினார்கள். சங்கு சுவிட்சுக்கு இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போட்டார்கள். செய்தி தொழிற்பேட்டை முழுக்கப் பரவி, யாரோ எடுத்த வீடியோ வேலூர் வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் ஜெனியின் கால் வந்தது.

"தூங்கறான்டி..." என்று ஆரம்பித்தேன்.

"மா. நா வீடியோ பாத்தேன்." "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். குரல் அப்படி இல்லை. அதனால்தான் என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

"நீ டெய்லி பூனையத்தான்டி கேக்கற. பூன இல்லன்னு தெரிஞ்சா போனே பண்ண மாட்டியோன்னு பயந்துக்கினேன்."

"லூசாம்மா நீ?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உம் மூஞ்சக் காட்டுன்னு கேட்டா நீ அய்வ. ஒன்னப் பாத்து நானும் அய்வேன். அதாம்மா பூனையக் காட்டுன்னேன்."

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே அழுதோம். அருள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பூனைக்கு இன்னா பேஜாருடா," என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடத்தான் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மானம் கப்பலேறியதில் ஒரு லாபமும் இருந்தது. தொழிற்பேட்டைக்கே நைனாவின் அங்க அடையாளம் தெரிந்துவிட்டது. ஆரம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கேலியாகத்தான் ஆரம்பிப்பார்கள், "இன்னாக்கா, சங்கு ரெடியா?" என்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க தெருவுல ஒண்ணு பாத்தேன்க்கா, ஆனா அது கறுப்பு," என்பார்கள். சனிக்கிழமை ஒரு லாரி டிரைவர் எளாவூர் செக்போஸ்ட்டிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டையில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பரோட்டா கடையில், சாம்பல் பூனை, கிழிந்த காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனி வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அப்படியே இரண்டு பேரும் சூளூர்ப்பேட்டைக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. நைனா தெலுங்கு கற்றுக்கொண்டிருப்பானாம், பரோட்டா தின்று பெருத்திருப்பானாம், நம்மைக் கண்டால் யாரென்றே தெரியாத மாதிரி "மீரு எவரு?" என்று கேட்பானாம்.

பரோட்டா கடையில் சாம்பல் பூனை இருந்தது. காதும் கிழிந்திருந்தது. வலது காது. போதாததற்கு அது மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இது எங்க லட்சுமிங்க," என்றார் கடைக்காரர் பெருமையாக.

ஜெனி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதற்கும் ஒரு தடவை, "நைனா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். லட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்தோம். திரும்பும்போது ஜெனி பேசவே இல்லை. ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

நைனா அப்புறம் வரவே இல்லை. எந்த லாரி, எந்த வரப்பு, எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாம்பல் நிறத்தில் எது ஓடினாலும் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். ஜெனி இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் அருள் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை எடுத்துவிடுவார். "பூனையத் தேடினு போனாங்க ஆத்தாளும் பொண்ணும். போனவங்க சொந்த ஊரையே தொலைச்சிட்டு வந்தாங்க. கும்மிடிப்பூண்டில எறங்காம தூங்கிக்கினே பொன்னேரி வரைக்கும் போய்ட்டாங்க!" ஜெனியும் அவரோடு சேர்ந்து சிரிப்பாள். "நான்தான் அசந்துட்டேன், இந்தம்மாவுமா தூங்கும்?" என்பாள்.

நானும் கூடவே சிரித்துவைப்பேன். அன்று கும்மிடிப்பூண்டி வந்தது, ரயில் நின்றது, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா "எறங்கலியா?" என்றுகூடக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இறங்க வேண்டுமென்றால் ஜெனியை எழுப்ப வேண்டும். எழுப்பினால் அவள் பையைக் கட்டிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பிவிடுவாள்.